நம்பிக்கைகளும் உண்மைகளும்: செயற்கை ஈக்குத் தனிக் கம்பு வேண்டுமா?

தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சியைப் போலக் கட்டிய பொய் இரைதான் செயற்கை ஈ. டிரவுட் மீன் பிடிப்பவர்கள் இதைப் பெரிதும் நம்புகிறார்கள். ஆனால் இதை வீச நீளமான தனிக் கம்பு, தடித்த தனிக் கயிறு, அதற்கென்றே ஒரு ரீல் எல்லாம் வேண்டும் என்ற எண்ணம் மேலைநாட்டுத் தூண்டில்காரர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. எடையுள்ள இரையை மெல்லிய நரம்பில் வீசும் சாதாரண ஸ்பின்னிங் கம்பு கையில் இருந்தும் பலர் ஈயின் பக்கம் போகாததற்கு இதுவே காரணம். அந்தத் தயக்கத்துக்கு அவசியமே இல்லை.

நம்பிக்கை 1: ஈயும் அதற்கான கயிறும் பிரிக்க முடியாதவை.

உண்மை: ஈ முந்தியது, இன்றைய கயிறு மிகவும் பிந்தியது. கி.பி. 200 வாக்கில் கிரேக்க மொழியில் எழுதிய ரோமானியரான ஐலியானுஸ், மக்கெதோனியாவின் அஸ்ட்ராயஸ் ஆற்றில் நடந்த மீன்பிடிப்பை விவரித்திருக்கிறார். முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் இரண்டு இறகுகளை அதில் பொருத்துவார்கள். கம்பு 6 அடி, தூண்டில் நரம்பும் 6 அடி. ரீல் என்ற பேச்சே அதில் இல்லை. ஜப்பானின் தென்கரா முறையிலும் கம்பின் நுனியிலேயே நரம்பைக் கட்டி ஈயை வீசுகிறார்கள். கருவி ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மாறாமல் வந்திருப்பது மீனின் கண்ணில் படும் அந்தப் பொய்ப் பூச்சிதான்.

நம்பிக்கை 2: எடையே இல்லாத ஈயை ஸ்பின்னிங் கம்பால் வீச முடியாது.

உண்மை: ஈயை மட்டும் கட்டி வீசினால் அது காலடியில்தான் விழும், அதுவரை சரி. ஆனால் ஈக்கான தனிக் கம்பும் ஈயின் எடையை வீசுவதில்லை, கயிற்றின் எடையைத்தான் வீசுகிறது. பரவலாகப் புழங்கும் 5ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம். இதே எடையை ஓரிடத்தில் திரட்டிக் கொடுத்தால் ஸ்பின்னிங் கம்பும் அந்த வேலையைச் செய்துவிடும். அதற்காகவே உள்ளே தண்ணீர் நிரப்பக்கூடிய, நிறமற்ற பிளாஸ்டிக் மிதவை இருக்கிறது. ரீலிலிருந்து வரும் நரம்பை மிதவைக்குள் கோத்து, முனையில் ஒரு ஸ்விவல் எனும் சுழல் வளையத்தை முடிந்து, அதற்கு அப்பால் 4 முதல் 6 அடி மெல்லிய நைலான் நரம்பைக் கட்டி, நுனியில் ஈயைக் கட்ட வேண்டும். தூரம் கூட வேண்டுமானால் மிதவையில் தண்ணீரைக் கூட்டலாம். ஈயை ஆழத்தில் விட வேண்டுமென்றால் மிதவையே தேவையில்லை; ஈக்குச் சற்று மேலே நரம்பில் ஒரு சிறு ஈயக்குண்டை நெரித்துப் பொருத்தினால் போதும்.

நம்பிக்கை 3: மிதவை விழும் சத்தத்திலேயே மீன் ஓடிவிடும், ஈயும் இயல்பாக மிதக்காது.

உண்மை: இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. தெளிந்த, ஆழமில்லாத சிற்றோடையில் மிதவை தொப்பென்று விழுந்தால் மீன் மிரளும். ஓடும் நீரில் மிதவை ஒரு வேகத்திலும் ஈ இன்னொரு வேகத்திலும் போனால் ஈ இழுபடும். பூச்சி அப்படிப் போகாது என்பது டிரவுட்டுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடங்களில் தனிக் கம்பே மேல். ஆனால் இந்தக் குறைகளைப் பெருமளவு குறைக்க முடியும். மிதவை நீரைத் தொடும் முன் ரீலின் விளிம்பில் விரலை வைத்து நரம்பை மெல்லத் தடுத்தால் வேகம் அடங்கும், ஈ முன்னால் நீண்டு விழும். மீன் இருக்கும் இடத்துக்கு அப்பால் வீசி மெதுவாக இழுத்து வரலாம். ஏரியிலோ அகன்ற ஆற்றிலோ, கரைக்கு எட்டாத் தொலைவில் மீன் மேயும்போது, மிதவை போகும் தூரத்துக்குத் தனிக் கயிற்றை வீசப் பழகியவர்களே சிரமப்படுவார்கள். பின்னால் மரங்கள் நெருங்கியிருந்தால் கயிற்றைப் பின்வீச இடமே கிடைக்காது. ஸ்பின்னிங் கம்புக்கு அந்தத் தொல்லை குறைவு.

மீறக்கூடாத தடை ஒன்று உண்டு, அது சட்டம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஈக்கு மட்டும் என்று ஒதுக்கிய நீர்நிலைகளில் கயிற்றின் எடையே ஈயைக் கொண்டு செல்ல வேண்டும் என்பது விதி. அங்கே மிதவைக்கு இடமில்லை. ஆகவே அந்தந்த நீர்நிலையின் விதியைப் படித்துவிட்டே இறங்க வேண்டும். விதி இடம்கொடுக்கும் இடங்களில், இருக்கிற கம்போடு ஒரு மிதவையும் நாலைந்து ஈக்களும் வாங்கினால் தொடங்கிவிடலாம். மீன் எந்தப் பூச்சியைத் தின்கிறது, எந்த ஆழத்தில் மேய்கிறது என்று கவனிக்கக் கற்பதுதான் இந்தக் கலையின் பெரும்பகுதி. அந்தக் கல்வியைத் தனிக் கம்பு வாங்கும் நாள்வரை ஒத்திப்போடக் காரணம் ஏதுமில்லை.