ஒளி ஏற்பிகளும் இரவுப் பணியும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. 2001-இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை, தமிழ் மாவட்டங்களிலிருந்து குடியேறிய குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே முறை மாற்றிப் பணியாற்றின. விளக்கு பாறையைக் காட்டியது. ஆனால் பகலவன் ஆற்றும் மற்றொரு பணியை அது ஆற்றவில்லை. உடலுக்கு நேரத்தை அறிவிப்பதே அப்பணி.

கண்ணில் பார்வைக்குரிய ஏற்பி ரோடாப்சின். ஆப்சின் என்னும் புரதமும், வைட்டமின் 'ஏ'யிலிருந்து உண்டாகும் ரெட்டினாலும் சேர்ந்தது அது. ஒளி பட்டவுடன் வளைந்திருந்த ரெட்டினால் நிமிர்கிறது. அம்மாற்றமே நரம்புச் செய்தியாகிறது. வைட்டமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் நோய் வருவது இதனால்தான்.

பார்வைக்கன்றி, நேரம் அறிவதற்கென வேறு சில விழித்திரைச் செல்களும் உள்ளன என்பது 2002-இல் தெளிவாயிற்று. இவற்றிலுள்ள மெலனாப்சின் நீல ஒளியை மிகுதியாக உணர்ந்து மூளையின் கடிகாரத்திற்குச் செய்தி அனுப்புகிறது. முதுகெலும்புள்ள விலங்குகளின் பார்வை ஆப்சினைவிட, ஈயின் கண்ணிலுள்ள ஆப்சினையே இது நெருங்கி ஒத்திருக்கிறது.

தாவரங்களுக்குக் கண் இல்லை; ஆயினும் ஃபைட்டோகுரோம் உண்டு. சிவப்பொளி அதனைச் செயற்படும் வடிவிற்கு மாற்றும். தொலைச்சிவப்பொளி மீண்டும் பழைய வடிவிற்குத் திருப்பும். இதன் துணையால் செடி இரவின் நீளத்தை அளக்கிறது. பழைய நீண்டகால நெல் வகைகள் பல, இரவு நீளும் பருவத்தில்தான் பூத்தன. 1966-இல் வெளியான ஐ.ஆர்.8 இந்தக் கட்டுப்பாட்டிற்கு உட்படாததால், பருவந்தோறும் பயிரிட முடிந்தது.

நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் தாவரங்களிலும் விலங்குகளிலும் உள்ளது. புற ஊதாக் கதிரால் சிதைந்த டி.என்.ஏ.வை ஒளியின் ஆற்றலால் செப்பனிடும் பழைய நொதியின் வழித்தோன்றல் அது. பழுது நீக்கும் கருவியே பரிணாமத்தில் ஒளி ஏற்பியாயிற்று. பாலூட்டிகளில் அது உடற்கடிகாரத்தின் உறுப்பாகவே அமைந்துவிட்டது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும் குகை வௌவால்களையும், வெளியுலக நேரம் அறியாது தனியறையில் தங்கிய தன்னார்வலர்களையும் ஆராய்ந்தனர். இவ்வாறு தனித்திருக்கும் மனிதரின் உடல் நாள் பொதுவாக 24 மணியைச் சற்றே கடக்கிறது. அதனை அன்றாடம் திருத்துவது பகலொளியே.

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் நிலத்தடிப் பணியை நாளொன்றுக்கு 8 மணியாக வரையறுத்தது. அளவு வரையறுக்கப்பட்டது, எனினும் அந்த 8 மணி பகலில் அமைகிறதா, இரவில் அமைகிறதா என்பதும் உடல்நலத்தைப் பாதிக்கும். உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணி, புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றுள் ஒன்று எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இலும் 2019-இலும் வகைப்படுத்தியது. தங்கவயல் ஓய்ந்துவிட்டது; நூற்பாலைகளிலும் மருத்துவமனைகளிலும் இரவுப் பணி தொடர்கிறது. முறை மாற்றங்களைக் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் அமைப்பதும், இடையே போதிய ஓய்வும் பகலொளியும் கிடைக்கச் செய்வதும் பெருஞ்செலவு கோராத தொழிலாளர் நலத் திட்டங்களாகும்.