கதவைத் தட்டாதீங்க தம்பி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில், முந்தல் அடிவாரத்தில் எங்கள் தோப்பு வீடு இருக்கிறது. மாவும் இலவமும் நிற்கிற தோப்பு. சில ஆண்டுகளாக ஓவியரோ எழுத்தாளரோ ஒருவர், இருவரை அங்கே ஒரு மாதம் தங்கவைத்து, சோறு போட்டு, அவர்கள் வேலையைச் செய்யவிடுகிறோம். ரெசிடென்சி என்கிறார்கள். இதுபோல் நடத்த விரும்பி யோசனை கேட்டு வருகிறவர்கள், ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். சமைப்பது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

முதல் ஆண்டு நானும் அதை யோசிக்கவில்லை. செப்டம்பரில் ஒரு ஓவியரை வரச்சொல்லிவிட்டேன். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதம் அது. விடியுமுன்பே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போய்விடும். சமையலுக்கு ஆள் கிடைக்காமல் மூன்று வேளையும் பார்சல் வாங்கிக் கொடுத்தேன். அதைவிடப் பெரிய தவறு, தினமும் சாயங்காலம் போய் ‘எவ்வளவு வந்திருக்கு?’ என்று கேட்டது. பன்னிரண்டாம் நாள் அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த முறை பிப்ரவரிக்கு மாற்றினேன். பல வருடம் ஏலத்தோட்டத்தில் காயெடுத்த ஒரு அக்கா சமையலுக்கு வந்தார். அவரிடம்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அப்போது தங்கியிருந்த எழுத்தாளர், இளம்பெண், மூன்று நாளாக அறையைவிட்டு வெளியே வரவில்லை. பதறிப்போய்க் கதவருகே போனேன். அக்கா மறித்தார். “தட்டாதீங்க தம்பி. பசிச்சா அந்தப் புள்ளயே எடுத்துக்கிரும்.” தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, எறும்பு ஏறாதபடி தூக்குவாளியை அதன் நடுவில் வைத்து, படியிலேயே விட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் பார்த்தால் வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது.

அமெரிக்காவில் 1907-ல் தொடங்கிய மெக்டவல் உறைவிடத்திலும், மதியச் சாப்பாட்டுக் கூடையைச் சத்தமில்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போவது நெடுநாள் வழக்கம் என்று பின்னால் படித்தேன். அதை நிலைநிறுத்திய மரியன் மெக்டவல், கணவர் இறந்தபிறகு ஊர் ஊராகப் போய்ப் பியானோ வாசித்துப் பணம் திரட்டியவர். நம்மூரிலும் அப்படித்தான். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்ற காசுதான் கைகொடுத்தது. வரும்படிக்கு ஒரு வழி செய்துகொள்ளாமல் இதில் இறங்காதீர்கள். எங்களுக்கு மாங்காயும் இலவம்பஞ்சும் இருக்கின்றன.

அந்தப் பஞ்சால் ஒரு சங்கடமும் உண்டு. கோடை பிறந்தால் காய் வெடித்துப் பறக்கும். ஒருவர் தைலவண்ணத்தில் வரைந்த படத்தை ஈரம் காயத் திண்ணையில் சாத்திவைத்தார். காலையில் நீல வானம் முழுக்கப் பஞ்சு. தோப்பைப் பார்த்துக்கொள்கிற மாமா ஊசியால் ஒவ்வொரு இழையாகப் பிரித்தெடுத்தார்; மத்தியானம்வரை குனிந்த தலை நிமிரவில்லை. அதன்பிறகு கொசுவலை அடித்த ஓர் அறையை, படம் காய வைக்கவென்றே ஒதுக்கிவிட்டோம்.

வேண்டாம் என்று சொல்லவும் ஒருவர் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று, பக்கத்திலிருக்கும் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கோடையில் தனியாக மேலே நடந்துவிட்டு வருகிறேன் என்பவரை, அதே மாமா கேட்டிலேயே நிறுத்திவிடுவார். வந்தவர் கோபித்துக்கொண்டாலும் நான் குறுக்கே பேசுவதில்லை. இந்த மலை அவருக்குத் தெரியும்.

ஆள் தங்கும் மாதத்துக்கு மட்டும் கூலி கொடுத்தால், அக்கா ஆகஸ்டில் ஜீப் ஏறிவிடுவார். அதனால் பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுக்கிறோம். செலவுக் கணக்கில் முதல் வரி அதுதான்.

தங்கிப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் என் பெயரைப் போடுகிறீர்கள். கிளம்பும் முன் சமையலறைக்குப் போய் அக்காவின் பெயரையும் மாமாவின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவற்றை முதலில் போடுங்கள்.