டைனோவில் குதிரைத்திறன் ஏன் குறைகிறது?

கேள்வி: கம்பெனி 114 குதிரைத்திறன் என்று குறிப்பிட்டிருக்கும் காரை டைனோவில் ஏற்றினால் 96 என்றே காட்டுகிறது. எஞ்சினில் கோளாறா, கம்பெனி சொன்ன எண் தவறா?

பதில்: டைனமோமீட்டர் (டைனோ) குதிரைத்திறனை நேரடியாக அளப்பதில்லை. அது அளப்பவை முறுக்குவிசையும் (டார்க்) சுழல்வேகமும். அவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறுவதே குதிரைத்திறன். 1821-இல் பிரான்சின் காஸ்பார் தெ புரோனி, சுழலும் தண்டைக் கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அவற்றோடு இணைந்த நீண்ட கையின் முனையில் எடை வைத்து இதை அளந்தார். அடிப்படை இன்றும் அதுதான். தண்டின் சுழற்சியை எதிர்க்கும் வேலையை இப்போது தண்ணீரோ மின்காந்தமோ செய்கிறது. எடைக்குப் பதில் விசையை அளக்கும் லோட் செல் வந்துவிட்டது. அரை மீட்டர் கையின் முனையில் 400 நியூட்டன் விசை பதிவானால் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர். அப்போது எஞ்சின் 4,000 ஆர்பிஎம்மில் சுழன்றால், இரண்டையும் பெருக்கி 9,549-ஆல் வகுக்க, ஏறத்தாழ 83.8 கிலோவாட் கிடைக்கும். மெட்ரிக் முறையில் அது 114 குதிரைத்திறன். ஜேம்ஸ் வாட் வகுத்த பிரிட்டிஷ் முறையில் 112. எண்ணைப் பார்க்கும்போது அலகையும் பார்க்க வேண்டும்.

கம்பெனி தரும் எண், எஞ்சினைத் தனியே சோதனை மேடையில் பொருத்தி, ஃப்ளைவீல் முனையில் எடுத்தது. ஒர்க்‌ஷாப் டைனோவில் காரின் சக்கரங்கள் ரோலரைச் சுழற்றுகின்றன. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் ஆகியவற்றின் உராய்வில் போனது போக மிஞ்சியதே அங்கே பதிவாகிறது. இந்த இழப்பு பெரும்பாலும் பத்திலிருந்து இருபது சதவீதத்துக்குள் இருக்கும். எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் நிலையான சதவீதம் கிடையாது. சக்கர எண்ணோடு ஒரே சதவீதத்தைக் கூட்டி 'எஞ்சின் திறன்' என்று எழுதித் தரும் பழக்கம் அளவீடு ஆகாது, ஊகமே.

காற்றும் கணக்கில் வருகிறது. வெப்பம் கூடினாலோ இடம் உயர்ந்தாலோ காற்றின் அடர்த்தி குறையும், எஞ்சின் திறனும் குறையும். அதனால் எஸ்ஏஇ ஜே1349 போன்ற தரங்கள் அளவை 25 டிகிரி செல்சியஸுக்கும் 99 கிலோபாஸ்கல் உலர் காற்றழுத்தத்துக்கும் திருத்துகின்றன. டர்போ எஞ்சினில் காற்றழுத்தத்தை எஞ்சின் கணினியே ஈடுகட்டுவதால், இந்தத் திருத்தம் எண்ணை மிகைப்படுத்திவிடலாம். முன்னே வைக்கும் மின்விசிறி போதாவிட்டால் எஞ்சினுக்குள் போகும் காற்று சூடேறி, அடுத்தடுத்த ஓட்டங்களில் எண் இறங்கும்.

கம்பெனி எண்ணும் அளக்கும் விதத்தைப் பொறுத்து மாறும். அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை ஏர் ஃபில்டர், முழு சைலன்சர் போன்றவை இல்லாத எஞ்சினில் எடுத்த எண்களையே விளம்பரப்படுத்தினார்கள். அவற்றைப் பொருத்தி அளக்கத் தொடங்கியதும், அதே எஞ்சின்களுக்குக்கூட எண் கணிசமாக இறங்கியது.

கேள்வியில் உள்ள வித்தியாசம் சுமார் 16 சதவீதம். இதை மட்டும் வைத்து எஞ்சினையோ கம்பெனியையோ குறை சொல்ல முடியாது. எஞ்சின் கணினியின் அமைப்புகளை மாற்றி (ரீமேப்) அதன் பலன் தெரிய வேண்டுமானால், அதே டைனோவில், அதே கியரில், அதே டயர் காற்றழுத்தத்தில் முன்னும் பின்னும் ஓட்டி, திருத்தாத எண்களையும் கேட்டு வாங்க வேண்டும்.