வீட்டுத் தொட்டியில் நம் நாட்டுச் சிறு மீன்கள்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் பெரும்பாலும் வெளிநாட்டு மீன்களையே நாடுகின்றனர். நம் கண்மாய்களிலும் வாய்க்கால்களிலும் வாழும் சிறு மீன்கள் அழகில் குறைந்தவை அல்ல. நம் தண்ணீருக்கும் வெப்பத்திற்கும் பழகியவை. அவற்றைக் கவனிப்பது பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்போருக்கும் நல்ல பாடமாகும்.

தொட்டி: 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 50 லிட்டர் நீர் கொள்ளும். இதில் விரல் நீள மீன்கள் பத்துக்கு மேல் வேண்டாம். கழுவிய ஆற்று மணலை 2 அங்குலம் பரப்பி, வேலம்பாசி நடவும். குளோரின் கலந்த குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தபின் ஊற்றவும். மருந்து தெளித்த வயலின் வடிகால் நீர் கூடாது. மீன்கள் துள்ளி விழாதிருக்க வலை மூடி தேவை.

மீன்கள்: மணலுக்கு அயிரை, நடுநீருக்குச் சிறு கெண்டை, மேற்பரப்புக்குத் தலையில் வெண்புள்ளி மின்னும் பாஞ்சாக்ஸ் ஏற்றவை. சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றும்போது குட்டைகளில் சிக்கிய மீன்களில் சிலவற்றை எடுத்தால் போதும். விரால், குறவைக் குஞ்சுகளைச் சேர்க்காதீர்கள். வளர்ந்ததும் மற்றவற்றை விழுங்கிவிடும்.

பராமரிப்பு: நன்கு பொடித்த கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கலந்து, ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவே இடவும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றவும். கொசுப்புழுவை பாஞ்சாக்ஸ் விரும்பி உண்ணும்.

கவனிக்க: அயிரை மணலில் புதைந்து தலையை மட்டும் நீட்டும், இடையிடையே மேலே வந்து காற்றை விழுங்கும். அது அதன் இயல்பு. ஆனால் விடியற்காலையில் கெண்டைகள் மேலே வந்து வாய் பிளந்தால் நீரில் பிராணவாயு குறைந்துள்ளது என்று பொருள். இரவில் பாசியும் அதே வாயுவையே சுவாசிக்கிறது. மீன் நெருக்கமும் மிஞ்சிய தீனியும் மற்ற காரணங்கள். தொட்டியில் இதைக் கண்டறிந்தவர் பண்ணைக்குட்டையிலும் உடனே உணர்வார்; அன்று தீனியை நிறுத்திப் புதுநீர் பாய்ச்சுவார். தாமதித்தால் ஒரே காலையில் குட்டை மீன் முழுவதும் செத்து மிதக்கக்கூடும்.

எச்சரிக்கை: கடையில் வாங்கிய மீன்களை ஏரி, குளத்தில் விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யுமென விற்கப்படும் சக்கர் மீன் இவ்வாறே தமிழக ஏரிகளில் பரவி, வலைகளையும் கிழிக்கிறது. கடை மீன்களுடன் இருந்த நாட்டு மீன்களையும் திரும்ப விட வேண்டாம், நோய் பரவும். தொட்டிக்கு நாம் எடுப்பது பத்து மீன். கண்மாயில் அவை குறையாதிருக்க, வயல் மருந்து வாய்க்காலில் கலக்காமல் காப்பது நம் பொறுப்பு.