எஞ்சினின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்

இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்திடம் மிஞ்சியிருந்த ஒரே சொத்து ஒரு பழைய மொறிஸ் மைனர் கார். விடியற்காலையில் அது வெங்காயத்தையும் கத்தரிக்காயையும் சந்தைக்கு ஏற்றிச் செல்லும். இரவில் யாருக்காவது வருத்தம் என்றால் அதே கார்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடும். ஒருநாள் எஞ்சினில் சத்தம் தொடங்கியது. “எஞ்சினை இறக்கித்தான் பார்க்கவேண்டும்” என்று ஒருவர் சொல்ல, வீட்டு அம்மா தன் சங்கிலியை அடைவு வைக்கப் புறப்பட்டார். நல்லவேளை, அதற்குமுன் சத்தத்தைக் கவனித்துக் கேட்டோம். ஒரு காலைப்பொழுது வேலையோடு அது நின்றது.

இந்தப் பாடம் உங்களை மெக்கானிக் ஆக்குவதற்கல்ல. எந்தச் சத்தத்தை வீட்டிலே திருத்தலாம், எந்தச் சத்தத்துக்குக் காரை உடனே நிறுத்தவேண்டும் என்று பிரித்தறிவதற்கே.

முதலில் ஒயிலைப் பாருங்கள்

காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓயவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். ஒயில் அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பாருங்கள். ஒயில் குறைந்திருந்தால் முதலில் அதை நிரப்புங்கள். பல சத்தங்கள் அத்துடன் அடங்கிவிடும்.

ஒயில் தண்ணீர்போல் மெலிந்து, அளவுக்கு மேல் கூடியும் இருந்தால் அதை முகர்ந்து பாருங்கள். 1990இல் தொடங்கிய எரிபொருள் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தவர்கள் அறிவார்கள். சிறிது பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்ராட் செய்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். வேறு வழியில்லாத காலத்தில் அது கைகொடுத்தது. ஆனால் முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, முழு ஒயிலையும் மெலியச் செய்யும். அப்போது பெயாரிங்குகள் தேயும். ஆகவே மண்ணெண்ணெயோ பெற்றோலோ கலந்த ஒயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். அது எப்படிக் கலந்தது என்றும் தேடுங்கள்.

சத்தம் எங்கே, எப்போது?

காரை வெளியிடத்தில் நிறுத்துங்கள். புகையில் உள்ள நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய கொட்டிலுக்குள் அது ஆளைக் கொல்லும். சாரம், சேலைத்தலைப்பு, கூந்தல் எதுவும் காற்றாடியில் சிக்காதபடி கட்டிக்கொள்ளுங்கள். நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறுமுனையில் உங்கள் பெருவிரலை வைத்து, அந்த விரலைக் காதோடு ஒட்டுங்கள். வைத்தியரின் குழாய்போல அது சத்தம் வரும் இடத்தைக் காட்டும்.

1. மேலிருந்து ஒரே சீராக ‘டிக் டிக்’: வால்வு இடைவெளி கூடிவிட்டது. ‘ரப்பெற் அடிக்கிறது’ என்பார்கள். வீட்டிலே திருத்தலாம்.

2. பக்கத்திலிருந்து ‘புஸ் புஸ்’: புகை வெளியேறும் குழாயின் பாக்கிங் எரிந்திருக்கலாம். நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் பாக்கிங்கை மாற்றுங்கள்.

3. முன்பக்கத்தில் கீச்சிடல் அல்லது உறுமல்: பெல்ற்றைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் நின்றால் குறை பெல்ற்றில், டைனமோவில் அல்லது தண்ணீர்ப் பம்பில்.

4. ஏற்றத்தில் அல்லது வேகம் கூட்டும்போது ‘கிண் கிண்’: பற்றவைக்கும் நேரம் முந்தியிருக்கலாம், கரி படிந்திருக்கலாம், எரிபொருள் தரம் குறைந்திருக்கலாம். மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இப்படி அடித்ததும் இதனால்தான்.

5. கீழிருந்து கனமான ‘தொக் தொக்’: இதுவே ஆபத்தான சத்தம்.

வால்வு இடைவெளியைச் சரிசெய்தல்

1956இல் வந்த 948 சி.சி., 1962இல் வந்த 1098 சி.சி. மொறிஸ் மைனர் எஞ்சின்களுக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இடைவெளி 0.012 அங்குலம், ஏறத்தாழ 0.30 மில்லிமீற்றர். இதை அளக்கும் மெல்லிய தகட்டுக்குப் பெயர் பீலர் கேஜ். மற்றக் கார்களுக்கு அவற்றின் கைநூல் சொல்லும் அளவையே வையுங்கள்.

மேல்மூடியைக் கழற்றுங்கள். எட்டு வால்வுகள் வரிசையாக இருக்கும். றேடியேற்றர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹான்டிலால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். இனி ஒன்பதாம் கணக்கை நினைவில் வையுங்கள். 8ஆம் வால்வு முழுதாக அமுங்கி நிற்கும்போது 1ஆம் வால்வைச் சரிசெய்யவேண்டும். 6 அமுங்கினால் 3ஐ. 2 அமுங்கினால் 7ஐ. எப்போதும் இரண்டையும் கூட்டினால் 9 வரும்.

பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகாணியைத் திருப்பி, தகடு சற்றே பிடித்துக்கொண்டு நழுவும் அளவில் நிறுத்துங்கள். நட்டை இறுக்கியபின் மீண்டும் அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறக்கூடும்.

ஓர் எச்சரிக்கை: சத்தமே கேட்கக்கூடாது என்று அளவுக்கு மேல் இறுக்காதீர்கள். வால்வு முழுதாக மூடாவிட்டால் அது எரிந்துபோகும். மெல்லிய ‘டிக்’ சத்தம் அந்த எஞ்சினுக்கு இயல்பு.

எப்போது நிறுத்தவேண்டும்?

‘தொக் தொக்’ சத்தம் எந்தச் சிலிண்டரில் என்று அறிய, எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, சில விநாடி ஓடவிடுங்கள். ஒவ்வொன்றாக இப்படிச் செய்யுங்கள். எதைக் கழற்றும்போது அடி குறைகிறதோ, அந்தச் சிலிண்டரின் பெயாரிங் தேய்ந்திருக்கலாம். ஒயில் விளக்கும் எரிந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம். காரைக் கட்டி இழுத்துச் செல்லுங்கள். உடனே நிறுத்தினால் பெயாரிங்குகளோடு செலவு முடியலாம். ‘சந்தைவரை ஓடிப்பார்ப்போம்’ என்று ஓட்டினால் முழு எஞ்சினும் போய்விடும்.

மெக்கானிக்கிடம் போகும்போதும் வெறுங்கையோடு போகாதீர்கள். சத்தம் எங்கே, குளிரிலா சூட்டிலா, எந்த வயரைக் கழற்றியபோது குறைந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். நல்ல மெக்கானிக் அதை மதிப்பார். அந்த அம்மாவின் சங்கிலி கழுத்திலேயே இருந்ததற்குக் காரணம் பெரிய அறிவல்ல; அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டதுதான்.

கூடிப் பேச:
1. உங்கள் ஊரில் யாரிடம் பீலர் கேஜ் உண்டு? பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கமுடியாதா?
2. உங்கள் நீர் இறைக்கும் இயந்திரமும் லான்ட்மாஸ்ரரும் நல்ல நிலையில் எப்படி ஒலிக்கின்றன? இன்றே கேட்டுப் பழகுங்கள். நல்ல சத்தத்தை அறிந்தவருக்கே கெட்ட சத்தம் புரியும்.