தலைத்தோற் புற்றுநோய்: நீக்கிய இடத்தை மூடும் முறைகள்

தலையில் ஆறாத புண் தோன்றினால், அதனைச் சிரங்கென எண்ணி எண்ணெய் தடவிக் காலங்கடத்துவோர் பலர். அப்புண் சில சமயம் தோற் புற்றுநோயாக இருத்தல் கூடும். வழுக்கைத் தலையில் நெடுங்காலம் வெயில் படுவதும், பழைய தீக்காயத் தழும்பும், பிறவியிலேயே தோலில் நிறமின்மையும் இந்நோய்க்கு இடமளிப்பன.

தலைத்தோலின் அமைப்பு

தலைத்தோல் ஐந்து அடுக்குகளால் ஆனது. மேலே தோல், அதன் கீழ் இரத்தக் குழாய்கள் நிறைந்த அடர்ந்த திசு, மூன்றாவது உறுதியான நார்த்தகடு, நான்காவது தளர்ந்த திசு, ஐந்தாவது மண்டையோட்டைப் போர்த்திய எலும்புச் சவ்வு. நார்த்தகடு எளிதில் நீளாது. ஆகவே, கன்னத்தில் இழுத்துத் தைக்கக்கூடிய அளவுள்ள காயத்தையும் தலையில் அவ்வாறு மூட இயலாது.

மூடும் முறைகள்

புற்றினைச் சுற்றிலும் சிறிது நல்ல தோலுடன் சேர்த்து நீக்குவர். ஓரங்களில் நோய் எஞ்சவில்லையென நுண்ணோக்கியால் அறிந்த பின்னரே பெரிய மறுசீரமைப்பைச் செய்தல் நலம்.

1. ஏறத்தாழ 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட காயத்தைப் பெரும்பாலும் நேரே தைத்து மூடலாம்.

2. காயம் பெரிதாயினும் எலும்புச் சவ்வு எஞ்சியிருந்தால், தொடையிலிருந்து மெல்லிய தோலெடுத்து ஒட்டலாம். அது சவ்விலிருந்து ஊட்டம் பெற்றுப் பிழைக்கும். ஆனால் அங்கு முடி வளராது.

3. சவ்வும் போய் எலும்பு வெளிப்பட்டால், ஒட்டிய தோல் பாறைமேல் விதைத்த நெல்லைப்போல் பட்டுப்போகும். அப்போது அருகிலுள்ள தலைத்தோலை, இரத்தக் குழாய் செல்லும் அடிப்பகுதி அறாமல், மடலாகத் திருப்பி மூடுவர். கன்னத்துத் தோலை இவ்வாறு ஒட்டு விடாமல் எடுத்து மூக்கைச் சீரமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. மடலுக்கு வழியில்லையெனில், எலும்பின் வெளித்தகட்டைத் துளைத்தோ செதுக்கியோ செந்நிறத் திசு துளிர்க்கச் செய்து, பிறகு தோல் ஒட்டலாம்.

4. மிகப் பெரிய காயங்களுக்கு முதுகுத் தசை போன்றவற்றைக் கொணர்ந்து, நுண்ணோக்கியின் துணையால் இரத்தக் குழாய்களை இணைப்பர். தலைக் காயமொன்றை மூட, வயிற்றினுள் உள்ள கொழுப்புச் சவ்வை இவ்வாறு இணைத்த சிகிச்சை 1972-ல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது.

ஊழியர், ஆசிரியர் கடமை

இம்முறைகளில் எது தேவைப்படும் என்பது, புற்று எவ்வளவு அகலமும் ஆழமும் பரவியுள்ளது என்பதையே பெரிதும் பொறுத்தது. நான்கு வாரங்களில் ஆறாத புண், தொட்டால் குருதி கசியும் புண், ஓரம் தடித்த புண், தழும்பில் புதிதாக எழும் புண், கழுத்தில் கட்டியுடன் கூடிய புண் ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் காட்டச் செய்தல் வேண்டும். காரமருந்திட்டுச் சுடுதல் கூடாது. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் பணிபுரியும் சுகாதார ஊழியருக்கு, அதே நகரின் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-ல் நிறுவப்பெற்ற பிராந்தியப் புற்றுநோய் மையம் எட்டும் தொலைவிலேயே உள்ளது. தொலைவிலுள்ள சிற்றூர்களிலோ, நோயாளியை உரிய காலத்தில் புறப்படச் செய்யும் ஊழியரின் சொல்லே முதல் சிகிச்சையாகும்.