வைரசு தேடப் பழகும் பிள்ளையளுக்கு

ஆய்வுகூட வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கொழும்புத்துறையில் இருக்கிறன். கல வளர்ப்பில் ஹேர்பீஸ் வைரசுகளைத் தேடப் பழகும் பிள்ளையள் கேட்டால் சொல்லுறது இவ்வளவுதான்.

1. நோயாளியின் மாதிரி சேர்க்காத போத்தலை முதலில் பாருங்கோ. அதிலும் கலங்கள் உருண்டு கழன்றிருந்தால், மற்றப் போத்தலில் கண்டதை வைரசின் வேலையென்று எழுத முடியாது. மாதிரி சேர்த்ததில் மட்டும் கலங்கள் சிதைந்திருந்தாலும் அவசரப்படாதேங்கோ. அந்த மாதிரியே கலங்களுக்கு நஞ்சாயிருக்கலாம். அதில் கொஞ்சத்தைப் புதுக் கலங்களுக்கு மாற்றுங்கோ. நஞ்சு நீர்த்துப் போகும், வைரசு திரும்பப் பெருகும்.

2. கொப்புளம் புதிதாயிருக்கும்போதே உடைத்து, அதன் அடியைத் தேய்த்து எடுங்கோ. பொருக்குத் தட்டின பிறகு வைரசு கிடைப்பது அரிது. கல்சியம் அல்ஜினேற்றுப் பஞ்சுக்குச்சி வேண்டாம், அது ஹேர்பீஸ் சிம்பிளெக்சைக் கெடுக்கும்.

3. கையுறை போடுங்கோ. விரலில் வந்த ஹேர்பீஸ் திரும்பத் திரும்ப வரும்.

4. இங்கிருந்து பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மாதிரி 4 பாகை செல்சியசில் போகவேண்டும். வழியில் அதை உறைய விடக்கூடாது. நாள் கடந்தால் மறை 70 பாகையில் வையுங்கோ. மறை 20 பாகைச் சாதாரண உறைபெட்டியில் வைரசின் வெளியுறை சிதைந்து போகும். எத்தனை நல்ல மாதிரிகள் இப்படி வழியிலேயே செத்துப்போயின! எனக்கு இன்றைக்கும் மனம் ஆறாத விசயம் இது.

5. எந்தக் கலத்தில் எது வளருமென்று தெரிந்திருக்கவேண்டும். 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த வெரோ கலங்களில் ஹேர்பீஸ் சிம்பிளெக்ஸ் நன்றாக வளரும். பெரும்பாலும் மூன்று நாளுக்குள் கலங்கள் உருண்டு வீங்கும், சிலது ஒன்றோடொன்று சேர்ந்து பல கருக்கள் கொண்ட பெருங்கலமாகும். கொப்புளிப்பான் வைரசுக்கு ஒரு கிழமையும் கூடவும் எடுக்கும். சைற்றோமெகலோ வைரசுக்கு எம்ஆர்சி-5 போன்ற மனித நாரரும்பர்க் கலங்கள் வேண்டும், நாலு கிழமை வரைக்கும் பொறுமையும் வேண்டும். எப்ஸ்ரைன்–பார் வைரசு இவை ஒன்றிலும் தென்படாது. 1964இல் அதை முதலில் கண்டது பேர்க்கிற் புற்றுநோய்க் கலங்களை வளர்த்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான். ஆகவே “வளரவில்லை” என்று மட்டும் அறிக்கை எழுதாதேங்கோ. எந்தக் கலத்தில், எத்தனை நாள் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கோ.

6. கலத்தின் தோற்றத்தை மட்டும் நம்பிப் பெயர் வைக்கவேண்டாம். ஒளிரும் சாயம் ஏற்றிய பிறபொருளெதிரியால் உறுதிப்படுத்துங்கோ, சிம்பிளெக்ஸ் முதலாம் வகையா இரண்டாம் வகையா என்பதும் அதில் பிரியும். சைற்றோமெகலோவுக்கு நாலு கிழமை காத்திருக்கவும் தேவையில்லை. சிறு குப்பிக்குள் கண்ணாடித் துண்டில் கலங்களை வளர்த்து, மாதிரியை அதன்மேல் ஊற்றி மையநீக்கியில் சுழற்றினால், வைரசின் ஆரம்பப் புரதத்தை ஒன்றிரண்டு நாளிலேயே காணலாம்.

7. மூளைக் காய்ச்சலென்று முள்ளந்தண்டு நீர் வந்தால் கல வளர்ப்பை நம்பி இருக்காதேங்கோ. வளர்ந்தவர்களின் அந்த நீரில் சிம்பிளெக்ஸ் வளர்வது மிக அரிது. பிசிஆர் செய்யவேண்டும். நோய் தொடங்கிய முதல் மூன்று நாளுக்குள் எடுத்த நீரில் அதுவும் சிலவேளை இல்லையென்று காட்டும். அப்படி வந்தால் தாளை மட்டும் அனுப்பிவிட்டு இருக்கவேண்டாம். விடுதி வைத்தியருக்கு உடனே தொலைபேசி எடுத்து, நோய் தொடங்கி எத்தனை நாளென்று கேளுங்கோ. அசைக்ளோவிரை நிறுத்த முன்னர் இரண்டாவது மாதிரி அனுப்பச் சொல்லுங்கோ.